தோசைக்கல்லில் சுட்ட மீனும் ஒரு தட்டு சாலடும்: புதிதாகச் சமைப்பவர்களுக்கு

சாலட் என்றதும் சென்னையில் பாதிப் பேருக்கு நினைவுக்கு வருவது பிரியாணியோடு வரும் நான்கு வெங்காய வட்டமும் ஒரு வெள்ளரித் துண்டும்தான். அதை மறந்துவிடுங்கள். இது வயிறு நிறையச் சாப்பிடும் ஒரு வேளைச் சாப்பாடு. மசாலா தடவிக் காய்ந்த கல்லில் போட்டு எடுத்த மீன், அதற்குக் கீழே நறுக்கென்று கடிபடும் காய்கறி, கொஞ்சம் கொண்டைக்கடலை, மேலே எலுமிச்சை. சோறு வடிக்க வேண்டாம், குழம்பு கூட்ட வேண்டாம். வெட்டிக் கழுவிய மீன் கையில் இருந்தால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் தட்டு தயார்.

இது சொதப்பினால் பெரும்பாலும் ஒரே ஒரு காரணம்தான் இருக்கும், தண்ணீர். மீனில் ஈரம் இருந்தால் கல்லில் சுடாமல் அவிந்துபோகும், ஒட்டும், திருப்பும்போது உடையும், எண்ணெய் கையெல்லாம் தெறிக்கும். காய்கறியில் ஈரம் இருந்தால் தட்டின் அடியில் குளம் கட்டி, நீங்கள் போட்ட உப்பும் புளிப்பும் அதில் கரைந்து காணாமல் போகும். அதனால் கீழே வரும் வேலைகளில் பாதி துடைக்கிற வேலைதான். அலுப்பாக இருந்தாலும் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள், மற்றதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

எல்லா அளவும் இரண்டு பேருக்கு.

எந்த மீன், எப்படிக் கேட்டு வாங்குவது

புதிதாகச் செய்பவர்கள் வஞ்சிரத்தில் ஆரம்பிப்பது நல்லது. சதை கெட்டியானது, நடுமுள்ளைத் தவிரத் தொந்தரவு அதிகம் இல்லை, திருப்பும்போது உதிராது. விலைதான் இடிக்கும். வஞ்சிரம் கட்டுப்படியாகாத நாளில் பாறை, கொடுவா இரண்டும் நன்றாக வரும். சங்கராவைத் தோலோடு முள் எடுத்து வாங்கினால் இன்னும் ருசி, ஏனென்றால் தோல் மொறுமொறுவென்று ஆகிவிடும். கிழங்கான் குழம்புக்கும் வறுவலுக்கும் அருமையான மீன், ஆனால் சாலடுக்கு வேண்டாம், சதை மெல்லியது. கட்லா, ரோகு பக்கமும் போக வேண்டாம். காய்கறிக்கு நடுவே பொடி முள் தேடிக்கொண்டு உட்கார முடியாது.

மாதத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் ஃபைபர் படகில் போய்ப் பிடித்து வருவதும், வெளியூரிலிருந்து ஐஸில் வருவதும், வளர்ப்பு மீனும்தான் அதிகம் கிடைக்கும். பெரிய மீன் விலை எகிறிவிடும். அப்போது கானாங்கெளுத்தியை நடுவில் பிளந்து முள்ளெடுத்து வாங்கிவிடுங்கள், அதன் எண்ணெய்ப்பசைக்கு இந்த மசாலா பிரமாதமாகப் பொருந்தும். அதே மாதங்களில்தான் மாங்காயும் மலிந்து கிடக்கும், அது இந்தத் தட்டுக்குக் கிடைக்கும் போனஸ். புரட்டாசியில் ஊரில் பலர் அசைவத்தை நிறுத்திவிடுவதால் மார்க்கெட்டில் கூட்டம் குறைவு, நிதானமாகப் பார்த்து வாங்கலாம்.

இடம் உங்கள் வசதி. காசிமேட்டுக்கு விடியற்காலையில் போகத் தெம்பு இருந்தால் போங்கள், ஆனால் இரண்டு பேருக்கு முந்நூறு நானூறு கிராம் வாங்க அவ்வளவு தூரம் தேவையில்லை. சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட், மெரினா லூப் சாலையில் 2024-இல் திறந்த நொச்சிக்குப்பம் மீன் அங்காடி, இல்லையென்றால் உங்கள் தெருமுனையில் கூடையோடு உட்காரும் அக்கா, யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மட்டும் போகாதீர்கள், வெட்டித் தருபவர்களுக்கு நிற்க நேரம் இருக்காது, உங்கள் துண்டு ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லியதாகவும் வரும்.

தடிப்பு முக்கியம் என்பதால் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்: “அக்கா, வஞ்சிரம் ஸ்லைஸ், விரல் தடிப்புக்கு, எல்லாம் ஒரே மாதிரி போட்டுக் குடுங்க.” ஒன்றரை சென்டிமீட்டர் சரியான அளவு. அதைவிட மெலிந்தால் வெளியே நிறம் ஏறுவதற்குள் உள்ளே காய்ந்துவிடும். முழு மீனாக வாங்கினால் கண் தெளிவாக, துருத்திக்கொண்டு இருக்கிறதா, செவுள் சிவப்பா, விரலால் அழுத்தினால் குழி விழாமல் மேலே எழும்புகிறதா என்று பாருங்கள். கடல் வாசம் வரலாம், மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடை வரக்கூடாது.

சூரை, கானாங்கெளுத்தி இரண்டிலும் கூடுதல் கவனம் தேவை. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் இந்த வகை மீன்களின் சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும், அதன் பிறகு நீங்கள் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். ஆகவே ஐஸில் இருப்பதைத்தான் வாங்க வேண்டும், வீட்டுக்கு வந்ததும் நேரே ஃப்ரிட்ஜ். வழியில் டீக்கடையில் நின்று பேச வேண்டாம். வெளிநாட்டு வீடியோக்களில் சூரையை உள்ளே சிவப்பாக வைத்துப் பரிமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே கையாண்ட மீன். நம் மார்க்கெட் சூரையை முழுதாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.

முதல் வேலை மீனுக்கு உப்பு

350 கிராம் துண்டுகளைக் குழாயடியில் ஒருமுறை அலசினால் போதும். மஞ்சளும் கல் உப்பும் போட்டு நாலு தண்ணீர் கழுவுவது முழு மீனுக்குச் சரி, ஸ்லைஸைத் தண்ணீரில் ஊறப்போட்டால் ருசியும் தண்ணீரோடு போய்விடும். அலசியதும் டிஷ்யூ பேப்பரிலோ சுத்தமான பழைய வேட்டித் துணியிலோ ஒற்றி எடுங்கள். பிறகு முக்கால் டீஸ்பூன் தூள் உப்பை இரண்டு பக்கமும் தூவி ஒரு தட்டில் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பதினைந்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் தட்டில் நீர் விட்டிருக்கும். உப்பு உறிஞ்சி வெளியே கொண்டுவந்த ஈரம் அது, அதையும் துடைத்துவிடுங்கள். சதை கொஞ்சம் இறுகியிருக்கும், இனி கல்லில் உடையாது. இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் காய்கறி வேலை முழுவதும் நடக்க வேண்டும்.

காய்கறி

லெட்டூஸ் கிடைத்தால் போடுங்கள், நான் போடுவதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஏசியில் பளபளவென்று இருக்கும் இலை, பைக்கில் வீடு வந்து சேர்வதற்குள் துவண்டுவிடும், அதற்குக் கொடுக்கும் காசுக்கு இன்னும் ரெண்டு துண்டு மீன் வாங்கலாம். முட்டைக்கோஸ்தான் நம் வெயிலுக்குத் தாங்கும் கீழ்த்தளம். கால் கிலோவை இழை இழையாக, முடிந்தவரை மெல்லியதாக அரிந்து ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் விறைத்துக்கொள்ளும். எடுத்து வடிகட்டி, துணியில் மூட்டையாகக் கட்டி நன்றாக உதறுங்கள். உதறிய பிறகும் ஒருமுறை பரப்பி ஒற்றி எடுங்கள்.

கூடவே ஒரு வெள்ளரிக்காய், முற்றியிருந்தால் நடுவில் இருக்கும் விதையைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு. ஒரு சின்ன கேரட் துருவல். தக்காளி கெட்டியானதாக ஒன்று, பெங்களூர்த் தக்காளி இதற்கு நல்லது, அதிலும் உள்ளே இருக்கும் குழகுழப்பை எடுத்துவிடுங்கள். நாட்டுத் தக்காளி ரசத்துக்குப் போகட்டும். ஒரு பெரிய வெங்காயத்தை மெல்லிய வளையமாக அரிந்து குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் காரமும் வாடையும் குறைந்துவிடும், மதியம் மீட்டிங் இருப்பவர்கள் இதைத் தவிர்க்காதீர்கள். கொத்தமல்லியும் புதினாவும் ஒரு கைப்பிடி, இலையாகவே. மாங்காய் சீசனில் கிளிமூக்கு மாங்காய் பாதியைக் குச்சி குச்சியாக அரிந்து சேருங்கள்.

வயிறு நிறைய ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் நான்கு மணிக்கு பஜ்ஜிக் கடையைத் தேடுவீர்கள். ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலை எனக்குப் பிடித்த தேர்வு, இரவே ஊறப்போட்டு காலையில் குக்கரில் வைத்துவிட்டால் முடிந்தது. நேற்றுச் செய்த சுண்டல் மிச்சம் இருந்தாலும் சரி, ஆனால் அதில் உப்பு இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத நாளில் வேகவைத்த உருளைக்கிழங்கு இரண்டைப் பெரிய துண்டாகப் போடலாம். முளைகட்டிய பயறு போடுவதாக இருந்தால் பச்சையாகப் போடாமல் இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டிவிடுங்கள்.

எதையும் இப்போது கலக்க வேண்டாம். நறுக்கி, துடைத்து, தக்காளியையும் கொண்டைக்கடலையையும் மட்டும் தனியாக வைத்துவிட்டு, மற்றதை ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மீன் சூடாகவும் காய் ஜில்லென்றும் இருந்தால்தான் இந்தச் சாப்பாட்டில் சுவாரஸ்யம்.

டிரெஸ்ஸிங்

பழைய ஜாம் பாட்டில் ஒன்றில் இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, மூன்று டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய், அரை டீஸ்பூன் வெல்லத் தூள், நசுக்கிய பூண்டு ஒரு பல், கொஞ்சம் மிளகுத் தூள், கால் டீஸ்பூன் உப்பு. மூடி போட்டுக் குலுக்குங்கள். அவ்வளவுதான். நல்லெண்ணெய் பிடிக்கும் என்றால் ஒரு ஸ்பூன் மாற்றிக்கொள்ளலாம், முழுக்க அதையே ஊற்றினால் வேறெந்த வாசமும் எழாது. மாங்காய் போட்டிருந்தால் எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தயிரில் செய்தாலும் நன்றாக இருக்கும், ஆனால் மீனும் தயிரும் ஒன்றாகச் சேரக்கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அந்தச் சண்டை எதற்கு, எலுமிச்சையே போதும்.

மசாலா

வழக்கமான மீன் வறுவல் மசாலா இங்கே உதவாது. இஞ்சி பூண்டு விழுதும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் குழைத்து ஊறவைப்போமே, அது இரண்டுமே ஈரம். கொஞ்சம் எண்ணெயில், அதிகச் சூட்டில் போடும்போது விழுது கருகும், மீன் வெந்திருக்காது. இங்கே காய்ந்த தூள் மட்டும்: காஷ்மீரி மிளகாய்த் தூள் ஒரு டீஸ்பூன், மிளகுத் தூள் அரை, சீரகத் தூள் அரை, சோம்புத் தூள் கால், மஞ்சள் தூள் கால். மொறுமொறுப்பு வேண்டுமானால் அரிசி மாவு ஒரு டீஸ்பூன். உப்பு வேண்டாம், மீனுக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டது. வீட்டுக் குழம்பு மிளகாய்த் தூளை வைத்தும் செய்யலாம், அதில் மல்லி நிறைய இருந்தால் சீக்கிரம் கருகும், தீயைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

துடைத்த மீனில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் தடவி, மேலே தூளைத் தூவி, விரலால் மெல்ல அழுத்துங்கள். மெல்லிய பூச்சாக இருக்க வேண்டும், அடை போல அப்ப வேண்டாம். தடவியதும் கல்லில் போட வேண்டும். ஊறவைக்கக் கூடாது என்பதை இங்கே பலரால் நம்பவே முடியாது, ஒருமுறை செய்து பாருங்கள்.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பால் புருதோம் என்ற சமையல்காரர் 1980-களில் இதே பாணியில் ஒன்றைப் பிரபலமாக்கினார். மீனை வெண்ணெயில் தோய்த்து, காரத் தூளில் புரட்டி, புகையும் வார்ப்பிரும்புச் சட்டியில் போட்டுக் கருக்கி எடுப்பது. அந்த ஊர் ரெட்ஃபிஷ் மீனுக்கு அதனால் கிராக்கி ஏறி, மெக்சிகோ வளைகுடாவில் அதை வியாபாரத்துக்குப் பிடிக்கவே அரசு தடை போடும் அளவுக்குப் போனது. அவர்களுடைய சட்டி வார்ப்பிரும்பு, நம் வீட்டு இரும்புக் கல்லும் அதே வேலையைச் செய்யும். பழகிய இரும்பு தோசைக்கல் இருந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் மறுநாள் காலை அதே கல்லில் தோசை வார்த்தால் மீன் வாடை அடிக்கும் என்று வீட்டில் ஒரு குரல் எழும், அது நியாயமான குரல். மீனுக்கென்று ஒரு சின்னக் கல் தனியாக வைத்துக்கொள்வது உத்தமம்.

கல்லில் போடுவது

ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மிளகாய்த் தூள் சூட்டில் பட்டால் கமறும், பக்கத்து ஃபிளாட் வரை இருமும். மாடியில் சைவ வீட்டுக்காரர் இருந்தால் அவர் வாக்கிங் போகும் நேரத்தைத் தெரிந்து வைத்திருப்பீர்கள்.

இரும்புக் கல்லை மிதமான தீக்குக் கொஞ்சம் மேலே வைத்து நன்றாகக் காய விடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓட வேண்டும். அது முழுதாக ஆவியான பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய் விடுங்கள். நான்ஸ்டிக் தவாவாக இருந்தால் இப்படிக் காலியாகக் காய வைக்கக் கூடாது, அந்தப் பூச்சு அதிகச் சூட்டில் கெட்டுப்போகும். எண்ணெய் விட்டு, மிதமான தீயில் வையுங்கள், நிறம் கொஞ்சம் குறைவாக வரும், பரவாயில்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் முழு வேகத்தில் வைத்தால் நடுவில் மட்டும் கருகும், ஆகவே நடுத்தரத்தில் வைத்து இரண்டு நிமிடம் கூடுதலாகக் காய விடுங்கள்.

எண்ணெய் நெளிய ஆரம்பித்ததும் மீனைப் போடுங்கள். ஒரு தடவைக்கு மூன்று அல்லது நான்கு துண்டு, இடைவெளி விட்டு. நெருக்கிப் போட்டால் ஒவ்வொன்றும் விடும் ஆவியில் பக்கத்துத் துண்டு அவியும், கல்லின் சூடும் இறங்கும். சதை பழுப்பு நிறம் பிடிக்க அதன் மேல்பரப்பு கொதிநீரின் 100 டிகிரியைத் தாண்டி 140 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும், ஈரம் இருக்கும்வரை அது போகவே போகாது. இவ்வளவு நேரம் துடைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

போட்ட பிறகு கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். நகர்த்தாதீர்கள், எட்டிப் பார்க்கக் கிளப்பாதீர்கள். மூன்று நிமிடம் கழித்து ஒரு ஓரத்தில் தோசைத் திருப்பியை விட்டுப் பாருங்கள். சுட்டு முடிந்த மீன் தானாகக் கல்லை விடும். ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம், அரை நிமிடம் கொடுங்கள். தோலுள்ள துண்டு என்றால் தோலில் இரண்டு கீறல் போட்டு, தோல் பக்கம் கீழே வைத்து, முதல் இருபது விநாடி திருப்பியால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் சுருண்டுகொள்ளும்.

திருப்பிய பிறகு இரண்டு நிமிடம் போதும். வெந்ததா என்று பார்க்க, நடுமுள்ளுக்குப் பக்கத்தில் ஒரு முள்கரண்டியை விட்டுத் திருகுங்கள். கண்ணாடி போன்ற தோற்றம் போய் முழுக்க வெள்ளையாகி, சதை முள்ளை விட்டு இதழ் இதழாகப் பிரிந்தால் எடுத்துவிடலாம். சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு, நடுவில் 63 டிகிரி. பயந்துகொண்டு கூடுதலாகப் போட்டுவைத்தால் வஞ்சிரம் பஞ்சாகிவிடும், அது மென்று முடிக்கிற வேலை.

மீனை எடுத்ததும் தீயை அணைத்துவிட்டு, கல்லில் மிச்சமிருக்கும் எண்ணெயில் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் போடுங்கள் (கழுவி நன்றாகக் காய வைத்தது, இல்லையென்றால் வெடிக்கும்). அந்தச் சூட்டிலேயே பொரிந்துவிடும். இதற்காகவே இந்த சாலடை மறுபடி செய்வீர்கள்.

தட்டில்

மீன் இரண்டு நிமிடம் ஆறட்டும், நடுமுள்ளை இப்போதே உருவிவிடுங்கள். அந்த இடைவெளியில் காய்கறிப் பாத்திரத்தை வெளியே எடுத்து, கொண்டைக்கடலையையும் தக்காளியையும் சேர்த்து, பாட்டிலை இன்னொரு முறை குலுக்கி, முதலில் முக்கால்வாசி மட்டும் ஊற்றிக் கையாலேயே பிரட்டுங்கள். கரண்டியில் முட்டைக்கோஸ் சரியாகப் புரளாது. ருசி பார்த்து, உப்போ புளிப்போ குறைந்தால் மீதியையும் ஊற்றுங்கள்.

அகலமான தட்டில் இதைப் பரப்பி, மேலே மீனைப் பெரிய பெரிய துண்டாகப் பிட்டு வைத்து, பொரிந்த கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. உடனே உட்கார்ந்து சாப்பிடுங்கள். பத்து நிமிடம் போனால் உப்பு தன் வேலையைக் காட்டி வெள்ளரி தண்ணீர் விட ஆரம்பிக்கும். வீட்டில் யாராவது இன்னும் குளித்துக்கொண்டிருந்தால் அவர்கள் பங்கைக் கலக்காமல் வைத்திருங்கள்.

இறாலிலும் இதே முறை, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம்தான்.

ஆபீஸுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் காய் ஒரு டப்பா, மீன் ஒரு டப்பா, டிரெஸ்ஸிங் சின்ன பாட்டிலில். மீனை நன்றாக ஆறவிட்டு மூட வேண்டும், சூடாக மூடினால் ஆவி அடித்து மொறுமொறுப்பு போய்விடும். போனதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், வழி நீளமானது என்றால் ஐஸ் பேக் வைத்த பை வேண்டும். அங்கே மைக்ரோவேவில் சூடு பண்ணாதீர்கள், மாடி முழுக்க மணக்கும். ஆறிய மீனும் இந்தக் காயோடு நன்றாகவே இருக்கும்.

டிரெஸ்ஸிங் ஊற்றிய காய் மிஞ்சினால் வைத்துப் பயனில்லை. மிஞ்சிய மீனை, நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே விடாமல் ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் மறுநாள் வரை தாங்கும். உதிர்த்து, சின்ன வெங்காயம் வதக்கி முட்டைப் பொரியலில் போட்டுவிடலாம்.